கரடியின் பழைய பெயர்

கொட்டகலைக் கடைத்தெருவில் இறங்கி, "சொல்லு சேர் வீட்டுக்குப் போகணும்" என்று சொன்னால் எந்த முச்சக்கரவண்டிக்காரரும் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொள்வார். "தரணிதரன் ஆசிரியர் வீடு" என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார். மனிதருக்குப் பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆங்கிலச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், அது எந்த ஊரில் பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எந்த நாட்டுக்குக் கல்யாணமாகிப் போனது என்று ஜாதகம் வாசிக்க ஆரம்பித்துவிடுவார். கேட்டுக்கொண்டு நிற்பவனுக்கு பஸ் போய்விடும். அவருக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் சிவசாமிக்கு அவரைச் சீண்டாமல் பொழுது விடியாது.

"சேர், இன்னைக்கு எந்தச் சொல்லுக்குக் காதுகுத்து?"

"டியர். மான்."

"மானுக்கு என்னா சேர்?"

"முந்தி இங்கிலீசுல அது மானுக்கு மட்டும் உள்ள சொல்லு இல்ல. காட்டு மிருகம் எல்லாத்துக்கும் அதேதான். நரி, பன்னி, எல்லாம் டியர்தான். பொறகுதான் சுருங்கிச் சுருங்கி மானுக்கு மட்டும்னு ஆச்சு."

"நல்லாப் போச்சு போங்க. காட்டுப் பன்னிக்குப் போனவன மான் வேட்டைன்னு புடிச்சு உள்ள போட்டுருவானே!"

கடை முழுக்கச் சிரிக்கும். சேர் சிரிக்கமாட்டார். கோபப்படவும் மாட்டார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து, மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். சொல்லும்போது முகத்தில் சந்தோஷமும் இருக்காது, படித்தவன் என்ற பெருமையும் இருக்காது. நிலையத்தில் ரயில் நேரத்தை அறிவிக்கிறவர் குரலில் சொல்வார். கொஞ்சம் கழன்றவர் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. விஷயம் வேறு.

அவருக்கு ஷாமிலா என்று ஒரு மகள் இருந்தாள். பாருங்கள், நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் சொல்லமாட்டார்கள்.

ஷாமிலா தரம் ஏழில் படித்துக்கொண்டிருந்தாள். பாடசாலை விட்டு, ரோட்டைச் சுற்றாமல் தேயிலைக்குள் குறுக்கே விழுந்து வீட்டுக்கு வருவாள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். அன்றைக்குக் காற்று. மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து, சாக்கைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொழுது சாயும்போது ஆஸ்பத்திரியில் பிள்ளை இல்லை. இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

துக்க வீட்டில் தரணிதரன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். இஞ்சித் தேநீர் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தார். கூடாரத் துணியில் தண்ணீர் தேங்கி நின்றதைக் கம்பால் தட்டிவிட்டார். "சேர் தைரியமான ஆளு" என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். தைரியமாவது, மண்ணாங்கட்டியாவது! மனிதர் மரத்துப்போயிருந்தார். பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை நம்முடையதுதானா என்று தெரியாமல் போகுமே, அப்படி. அது சில நாளில் விட்டுவிடும் என்று அவரும் நினைத்தார். விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அழகுமுத்து பேசினார். அழகுமுத்து, தரணிதரனின் மனைவி பூரணிக்கு அண்ணன். தோட்டத்தில் கங்காணி, மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். வாய் பெரிது, மனசு கெட்டது இல்லை. தேர்த் திருவிழாவில் ஷாமிலாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியவர் அவர்தான்.

"வாழாத பிள்ள. இனி அவ இந்த வீட்டுக் கன்னி. வருஷா வருஷம் தையில புதுத்துணி வச்சுப் படைச்சிருங்க. ஆனா ஒண்ணு. பேரச் சொல்லாதீங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துருவா. வந்தா தனியாத் திரும்பிப் போகமாட்டா. தொணைக்குச் சின்னதக் கூட்டிக்கிட்டுப் போயிருவா."

சின்னது என்றால் சுலக்ஷனா. அப்போது கைக்குழந்தை, தூளியில் கிடந்தாள். பூரணி எழுந்து போய்த் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தரணிதரன் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இனி இல்லை. சொன்னால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, சொல்லவே வேண்டாம் என்று ஊர் சொல்லிவிட்டது. பூரணிக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் பெயர் போய், கன்னி வந்தது. "கன்னி போன வருஷம்" என்பார்கள். "கன்னிக்குத் துணி எடுக்கணும்" என்பார்கள். படம், பாடசாலைச் சப்பாத்து, ரிப்பன் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. கொஞ்ச காலத்தில் பழைய லயத்து வரிசை வீட்டை விட்டு, ரோட்டோரத்தில் ஏழு பேர்ச் அளவுத் துண்டுக் காணியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த புது வீட்டுக்குக் குடிபோனார்கள். பெட்டியும் போனது.

அந்தக் காலத்தில்தான் கண்டியில் ஏதோ ஆசிரியர் கூட்டத்துக்குப் போனவர், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த அகராதியை வாங்கிவந்தார். அட்டை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறப்பு வளர்ப்பு போட்டிருந்தது. பின்னேரம் அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து ஏதோ ஒரு பக்கத்தைத் திறப்பார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வலிக்கவில்லை. சொற்களும் பிறந்தன, வளர்ந்தன, செத்தும் போயின. யாரும் பாடை கட்டவில்லை. அது அவருக்குத் தோதாக இருந்தது. பாடசாலைக் காலைக் கூட்டத்தில் வாரம் ஒரு நாள் ஒரு சொல்லின் கதையைச் சொல்லும்படி அதிபர் கேட்டுக்கொண்டார். அப்படித்தான் சொல்லு சேர் ஆனார்.

பூரணி பழையபடி மலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். "சேர் பொண்டாட்டி கொழுந்து பறிக்கிறதா, என்ன குறை?" என்று கேட்காத ஆள் இல்லை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றாள். புருஷன் பெண்சாதிக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. "சாப்பாடு போடட்டுமாங்க?", "மழை வருது, துணிய எடு", "சின்னவளுக்குச் சளி". இந்த மாதிரிப் பேச்சிலேயே வருஷங்கள் ஓடின. சுலக்ஷனா தரம் நான்குக்கு வந்துவிட்டாள்.

இந்தத் தை பிறந்து ஒரு திங்கட்கிழமை, காலைக் கூட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் பெயார். கரடி.

"இந்தச் சொல்லுக்கு அகராதியில ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, சுமக்கிறது, பொறுத்துக்கிறது, பெத்துக்கிறது. அது வேற குடும்பம். எழுத்து ஒண்ணா இருக்கு, ரத்தம் வேற. அத விடுங்க. பங்குச் சந்தையில விலை விழும்னு பாத்து விக்கிறவனையும் கரடின்னுதான் சொல்வாங்க. கரடியப் புடிக்கிறதுக்கு முந்தியே தோலுக்கு விலை பேசினவன் கதையிலருந்து வந்ததாம். அதையும் விடுங்க. நான் சொல்ல வந்தது மிருகத்தப் பத்தி."

பிள்ளைகள் வரிசையில் நின்று குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சேர் அதே ரயில் நிலையக் குரலில் சொல்லிக்கொண்டு போனார். பெயார் என்றால் முதலில் கரடி இல்லை, பழுப்பு நிறத்துக்காரன் என்று அர்த்தம். காட்டு விலங்கு என்ற பொருளில் வந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அது கரடியின் சொந்தப் பெயர் இல்லை. அந்த வடக்குத் தேசத்துக் காடுகளில் கரடியைக் கண்டு அப்படிப் பயம். பெயரைச் சொன்னால் அதற்குக் கேட்டுவிடும், கேட்டால் வந்துவிடும். அதனால் 'அந்தப் பழுப்பன்' என்று சாடையாகச் சொன்னார்கள். ரஷ்யாக்காரனும் அப்படியே, அவன் 'தேன் தின்னி' என்று சொன்னான்.

"நம்ம மலையிலயும் இதே கதைதான்," என்றார். "கொழுந்து பறிக்கிறப்ப சிறுத்தையோட காலடியப் பாத்தா ஒங்க அம்மாமாருங்க என்னா சொல்லுவாங்க?"

"பெரியவர் வந்துட்டுப் போயிருக்காருன்னு சொல்லுவாங்க சேர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். மலையில் நிற்கும்போது அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

"அதேதான். ஆனா ஒங்க அம்மாமாருங்க வீட்டுக்கு வந்ததும் சிறுத்தைன்னு சொல்லிருவாங்க. அந்த வடக்குத் தேசத்து ஆளுங்க வீட்லயும் சொல்லல. பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுக்கல. பிள்ளைங்க பழுப்பன்ங்கிறதுதான் பேருன்னு நெனச்சு வளந்துச்சு. அதுங்க பிள்ளைங்களுக்கு வேற பேரு இருந்ததே தெரியாது. கிரேக்கத்துல அந்தப் பழைய பேரு மிஞ்சியிருக்கு, சமஸ்கிருதத்துல மிஞ்சியிருக்கு. வடக்குல மட்டும் இல்லாமப் போச்சு. பயத்துல சொல்லாம விட்டாங்க. பேரே போயிருச்சு."

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். மணி அடித்தது. படித்த மனுஷன்! இருந்த இடத்திலிருந்தே ஐரோப்பாக் காடெல்லாம் சுற்றி வந்தவருக்குத் தன் வீட்டு வாசல் கண்ணில் படவில்லை. சத்தியமாகப் படவில்லை. அடுத்த பாடத்துக்கு வெண்கட்டி இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு போனார்.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் ரஜிதா டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நுவரெலியாவிலிருந்து அந்த மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தவர். சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர். நல்ல பெண், கலகலப்பாகப் பேசுவார். ஊர்க்கதை ஒன்றும் தெரியாது.

"சேர், சுலக்ஷனா நல்லா இங்கிலீஷ் பேசுறாங்க. இன்னைக்கு 'என் குடும்பம்'னு ஒவ்வொருத்தராச் சொல்லச் சொன்னேன். அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் டக்டக்குன்னு சொன்னாங்க. அக்கா பேரு கன்னின்னு சொன்னாங்க. இப்பல்லாம் யாரு சேர் அப்படிப் பேரு வைக்கிறாங்க? பழைய பேரு. அழகா இருக்கு. நீங்கதான் வச்சீங்களா?"

தரணிதரன் கையில் பிஸ்கட் இருந்தது.

"ஆமா," என்றார்.

"எங்க சேர் படிக்கிறாங்க?"

"இப்ப படிக்கல."

ரஜிதா வேறு ஏதோ கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. நல்லவேளை. அவர் எழுந்து வகுப்புக்குப் போனார், பலகையில் திகதி எழுதினார், பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 'ஆமா' என்று சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. பெற்ற பிள்ளைக்கு அவளுடையதல்லாத பெயரை வைத்து, நான்தான் வைத்தேன் என்று சாட்சியும் சொல்லியாயிற்று. எவ்வளவு லேசாக வாயில் வந்தது! வெட்கம் என்று ஒன்று தனக்கு இன்னும் இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, யாரும் இல்லாத ஒரு வளைவில் நின்று பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஷாமிலா. வந்தது. ஆனால் வகுப்பில் வரவு எடுக்கிற குரலில் வந்தது. இன்னொரு தடவை சொன்னார். அதே குரல்தான். முந்தி எப்படிக் கூப்பிடுவோம், 'மி'யை இழுப்போமா, 'லா'வை இழுப்போமா என்று யோசித்தார். பிடிபடவில்லை. ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

வீட்டில் சுலக்ஷனா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று பக்கத்தில் போய் நின்றார். அடுப்படியில் பூரணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. சொன்னால் அவள் என்ன ஆவாள்? இத்தனை வருஷம் அந்தப் பயத்தில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள். சின்னவளுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட, பெயரைச் சொன்னதால்தான் என்று செத்துப்போவாள். சொல்லாவிட்டால், சின்னவளுக்கு அக்காள் என்று ஒருத்தி இருந்ததே இல்லாமல் போய்விடும். கன்னி என்று ஏதோ ஒரு சாமி இருக்கும், அவ்வளவுதான். அவர் திரும்பிப் போய்க் கை கால் கழுவினார்.

மறுநாள் கோயிலுக்குப் போனார். அழகுமுத்து வாசலில் நின்று, பந்தல் போட வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்புள. என்னா இந்தப் பக்கம்? சாமிக்கும் ஒங்களுக்கும்தான் ஆகாதே!"

"மச்சான், சின்னவளுக்கு அவ அக்கா பேரு தெரியாது."

அழகுமுத்து சுற்றிப் பார்த்துவிட்டு அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அதுக்கென்னா இப்ப?"

"கன்னிங்கிறதுதான் பேருன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கா."

"சின்னப்பிள்ள. வளந்தா தெரிஞ்சுக்கிரும்."

"தெரியாது மச்சான். யாரு சொல்லிக் குடுப்பா? கரடிக்கு என்ன ஆச்சுன்னா..." என்று தொடங்கி, பழுப்பன் கதையை முழுக்கச் சொன்னார். அழகுமுத்து பொறுமையாகக் கேட்டார். பாவம், மரியாதைக்காகக் கேட்டார்.

"மாப்புள, கோவிச்சுக்காதீங்க. நம்ம பக்கத்துல கரடியே கிடையாது. எவனோ வெள்ளக்காரன் கரடிக்குப் பேரு வச்சா என்ன, வைக்காட்டி என்ன? அதுக்காக வீட்டுக் கன்னியக் கூப்பிட்டு வம்ப வாங்குவாங்களா?" குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்காகவா சொல்றேன்? அந்தப் பேரு எனக்கு மட்டும் வாய்வரைக்கும் வர்றதில்லைன்னா நெனக்கிறீங்க? தங்கச்சி மொகத்தப் பாருங்க. எத வச்சுக்கிட்டு உசிரோட நடமாடுதுன்னு எனக்கே தெரியல. ஒடஞ்சு போயிரும் மாப்புள. பொறகு நீங்கதான் வச்சுப் பாக்கணும்."

அதே பயம்தான் அவருக்கும். பந்தல்காரர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை படையல். வருஷா வருஷம் பூரணிதான் துணி எடுப்பாள். தரணிதரன் திரும்பியும் பார்க்கமாட்டார். இந்தத் தடவை பார்த்தார். பலகையில் வைத்திருந்தது பாவாடை சட்டை இல்லை. சேலை. இளம் பச்சையில் ஓரம் போட்ட சேலை, அதற்கு ஏற்ற ரவிக்கைத் துணி. பக்கத்தில் பெட்டி திறந்திருந்தது. உள்ளே போன வருஷத்துத் தாவணி, அதற்கும் அடியில் அதற்கு முந்தைய வருஷத்துப் பாவாடை, அதற்கும் அடியில் அதைவிடச் சின்னது. ஒவ்வொரு வருஷமும் அளவு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. பிள்ளை உயிரோடு இருந்தால் இந்த வருஷம் சேலை கட்டுகிற வயசு. இதை அவள் யாரிடம் கேட்டு எடுத்தாள், எந்தக் கடையில் நின்று யாருக்கென்று சொல்லி எடுத்தாள்? அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டார்கள். சர்க்கரைப் பொங்கல், கொழுக்கட்டை, வடை, ஒரு பொதி கிறீம் பிஸ்கட். சுலக்ஷனா குளித்துத் தலைவாரி, அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் கைகூப்பி நின்றாள். அழகுமுத்து சூடத்தைக் கொளுத்தித் தட்டை எடுத்தார்.

"கன்னித் தாயே, இந்த வீட்டப் பாத்துக்க. ஒன் தங்கச்சிக்கு நல்ல புத்தியக் குடு, நல்ல சுகத்தக் குடு."

"கன்னியக்கா, எனக்கு நல்லாப் படிப்பு வரணும்," என்று சுலக்ஷனா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

அந்த 'கன்னியக்கா' தரணிதரனுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான். பூரணியை நினைத்து, சின்னவளை நினைத்து, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று நினைத்து அடக்கியதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

"ஷாமிலா," என்றார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தட்டு அப்படியே நின்றது. ரோட்டில் ஒரு லொறி போன சத்தம் கேட்டது.

"ஷாமிலாங்கிறது யாருப்பா?" என்று சுலக்ஷனா கேட்டாள்.

"ஒன் அக்கா. அதுதான் அவ பேரு. கன்னி இல்ல. ஷாமிலா."

"மாப்புள!" அழகுமுத்து தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுலக்ஷனாவை இழுத்துத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணிப்புட்டீங்க? படையல் வச்சு, சூடம் கொளுத்தி, அவ வாசல்ல நிக்கிற நேரத்துலயா பேரச் சொல்லிக் கூப்பிடுவீங்க? இந்தப் பச்சப்பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

தரணிதரன் பூரணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலறப்போகிறாள், விழப்போகிறாள், பிடிக்க வேண்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தார். பூரணி விழவில்லை. பலகையில் காற்றுக்குக் கலைந்த பச்சைச் சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பிள்ளைய விடுங்கண்ணே. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒனக்கு என்ன தெரியும்? பேரு சொன்னா வந்து..."

"தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போயிருவாளாம்! யாரு? நம்ம ஷாமிலாவா? பள்ளிக்கூடம் விட்டு வந்து பையக்கூடக் கழட்டாம தூளி ஆட்டுன பிள்ளைண்ணே அது. அது இதுக்குக் கெடுதல் செய்யுமா? அன்னைக்கு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும், அந்தப் பாதி பொய்யின்னு. மத்தப் பாதியத்தான் நான் புடிச்சுக்கிட்டேன்."

"எந்தப் பாதிய?"

"கூப்பிட்டா வருவான்னு சொன்னீங்கள்ல."

அழகுமுத்துவின் பிடி தளர்ந்தது. சுலக்ஷனா நழுவிப் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிட்டேண்ணே," என்றாள் பூரணி. அவள் குரல் உயரவே இல்லை. "பதினாறு முடிஞ்ச மறுநாளே மலைக்குப் போயி, அவ விழுந்த எடத்துல நின்னு கூப்பிட்டேன். தெனமும் கூப்பிட்டேன். கொழுந்து நிறுக்கிறப்ப ஆளுங்கள முன்னால விட்டுப்புட்டுப் பின்னால நின்னு கூப்பிட்டேன். பீலியில தண்ணி புடிக்கிறப்ப கூப்பிட்டேன். இந்த வீட்டுக்கு வந்தப்ப, பழைய லயத்துக்குப் போயித் தேடிருவாளோன்னு, புது வீட்டுக்கு வழி சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். நீங்க எல்லாரும் பேரச் சொல்ல வேணாம்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்க. நானும் ஒங்க முன்னால பொத்திக்கிட்டு இருந்தேன். வரல. கனவுல கூட வரல."

தரணிதரனுக்கு நெஞ்சில் எங்கோ வலித்தது. இவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் பேசாமல் இருந்த அத்தனை வருஷமும் இவள் தனியாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, சத்தமாகவே வந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல், இலைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பூரணி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது.

"நீங்க ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்ங்க," என்றாள். "ஒங்க கொரலுக்காவது வந்திருப்பா."